வீட்டிலிருந்து வேலை, பாதி நாள் ஆபீஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் நாற்பது பேர் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சம்பளம், லீவு, ஆள் சேர்ப்பு எல்லாம் என் மேஜையில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, "பத்து நாள்ல வந்துடுவோம் அக்கா" என்று லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர், ஊத்தங்கரை, பென்னாகரம். மீதிப் பேர் வாரத்தில் சில நாள் வந்துபோகிறார்கள். அவர்கள் கேட்பதும், டீம் லீடுகள் கேட்பதும், எங்களைப் போலச் சின்னக் கம்பெனி நடத்துகிறவர்கள் போன் போட்டுக் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள். கேட்ட வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ரிமோட்டுங்கறாங்க, ஹைபிரிட்டுங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. ரிமோட் என்றால் வேலை செய்யும் இடமே வீடுதான். ஆபீஸுக்கு வருவது எப்போதாவது. ஹைபிரிட் என்றால் வாரத்தில் இன்னின்ன நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு.

ஆனால் நிறைய இடங்களில் நடப்பது மூன்றாவது ரகம்: "கூப்பிட்டா வரணும்." அதற்குப் பெயர் கிடையாது, குடும்பத்தைக் கலைப்பது அதுதான். திங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்கு வந்துடுங்க" என்று ஒரு மெசேஜ் போட நமக்கு ஐந்து நொடி. பென்னாகரத்தில் இருப்பவருக்கு அது விடியற்காலை நாலு மணி அலாரம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேறு ஆள், மதியச் சோற்றுக்கு வேறு ஏற்பாடு. எது என்பதை வேலையில் சேரும்போதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

வீட்ல இருந்து வேலைன்னா எட்டு மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாதாமே?

யார் சொன்னது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்பதைப் பொறுத்து அந்த எட்டு பன்னிரண்டாக ஆகும் என்று அதில் எங்கும் இல்லை. பெங்களூரு ஆபீஸில் பெயர் இருப்பவர்களுக்குக் கர்நாடகச் சட்டப்படி நாளைக்கு 9 மணி நேரம். வாரத்துக்கு அங்கேயும் 48தான்.

இந்தக் கணக்கு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கொடூர முதலாளி இல்லை. ஆபீஸில் ஆறு மணிக்கு எவனாவது ஒருவன் பையை எடுப்பான், அதைப் பார்த்து நாலு பேர் எழுந்திருப்பார்கள். வீட்டில் அந்தப் பையை எடுக்கிறவன் இல்லை. எங்கள் டீமில் ஆறேகாலுக்கு ஒருவர் குரூப்பில் "கிளம்பறேன்" என்று போட வேண்டும். எங்கேயும் கிளம்பப் போவதில்லை, வேலை இடமும் வீடும் ஒரே ஹால்தான். இருந்தாலும் போடுகிறார்கள், அடுத்த பத்து நிமிஷத்தில் வரிசையாக எல்லோரும் போடுகிறார்கள்.

"வீட்லதானே சும்மா இருக்க, ரேஷனுக்குப் போயிட்டு வா"ங்கறாங்க. எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறது?

எண்ணிக்கையில் இதுதான் முதல் கேள்வி. ஆண் பிள்ளைக்கு ரேஷன், மாட்டுக்குத் தீவனம்; மருமகளுக்கு ஒகேனக்கல் தண்ணி வரும் நேரத்தில் குடம் பிடிப்பது, வந்த விருந்தாளிக்குக் காபி. பெரியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பார்த்த வேலையெல்லாம் ஆள் எழுந்து போய்ச் செய்கிற வேலை. ஒருவன் உட்கார்ந்த இடத்தில் பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதை வேலை என்று அவர்கள் எதை வைத்து நம்புவது?

பாலக்கோட்டுப் பையன் ஒருவன் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். அவன் பாட்டிக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது: கயிறு கழுத்தில் இருந்தால் பேரன் ஆபீஸில் இருக்கிறான், கழற்றினால் வீட்டில் இருக்கிறான். வாசலில் வந்து கேட்கிறவர்களிடம் "அவன் ஆபீஸ்ல இருக்கான், சாயங்காலம் வா" என்று அந்தப் பாட்டியே அனுப்பிவிடுகிறாராம்.

கம்பெனி பக்கமிருந்தும் ஒன்று செய்யலாம். நாங்கள் வேலை நேரத்தையும் இடைவேளையையும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து முத்திரை வைத்துக் கொடுக்கிறோம். குடம் பிடிக்கிற நேரத்தையே இடைவேளையாக எழுதிக் கேட்டார் ஒரு மருமகள், எழுதிக் கொடுத்தோம்.

கரண்ட் போச்சு, நெட் போச்சுன்னா அன்னைக்கு லீவு போடணுமா?

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் நிறுத்துவது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், காலை ஒன்பதிலிருந்து மதியம் தாண்டும்வரை. தெரிந்து வருகிற ஷட்டவுனுக்கு லீவு கேட்பதும் தப்பு, லீவு போடச் சொல்வதும் தப்பு. அன்றைக்கு நெட் தேவைப்படாத வேலையை ஒதுக்கலாம், ஆபீஸ் நாளை அன்றைக்கு மாற்றலாம், நேரத்தைத் தள்ளலாம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு முதல் ஒரு மணி நேரம் கம்பெனிக் கணக்கு என்று நாங்கள் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் ஆபீஸ் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அரை நாள் லீவு பிடிப்பீர்களா என்ன?

பலர் கவனிக்காத ஒரு விஷயம். ஃபைபர் இணைப்பில் நடுவில் இருக்கும் கண்ணாடி இழைக்குக் கரண்ட் வேண்டாம். இரண்டு முனைக்கு மட்டும்தான் வேண்டும். ஒரு முனை உங்கள் வீட்டு மோடம், இன்னொன்று கேபிள்காரர் ஆபீஸில் இருக்கும் பெட்டி. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் மோடத்துக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினால், லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும்வரை வேலை ஓடும். அதற்கு முன் கேபிள்காரரிடம் "உங்க பக்கம் பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும் அண்ணா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் பக்கம் அரை மணியில் படுத்துவிட்டால் உங்கள் யூபிஎஸ்ஸால் பிரயோஜனமில்லை.

அந்த யூபிஎஸ்ஸைக் கம்பெனிதான் வாங்கித் தர வேண்டும் என்பது என் கட்சி. ஆபீஸில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறோம் அல்லவா.

வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் வரச் சொல்றது சரி? மூணா, ரெண்டா?

எல்லோருக்கும் ஒரே எண் சரியாக வராது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே தூரமில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து வந்தால் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. தர்மபுரிக்காரருக்காவது பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயில் இருக்கிறது; மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே கிடையாது, பஸ்தான். அந்த ரயிலும் நம் ஷிப்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதில்லை.

ஆராய்ச்சி வேண்டும் என்கிற முதலாளிகளுக்கு ஒன்று சொல்வேன். சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனத்தில் 1,612 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தார்கள். 2024-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. வேலைத் தரத்தில் வித்தியாசமில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஒரு ஆளை இழந்து, புது ஆளைப் பிடித்து, ஆறு மாதம் பழக்குவதற்கு ஆகும் செலவைத் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எண்ணைவிட முக்கியம், வந்த நாளில் என்ன செய்கிறோம் என்பது. தொண்ணூறு கிலோமீட்டர் வந்தவரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜூம் கூட்டத்தில் உட்கார வைத்தால் அவர் ஏன் வர வேண்டும்? டீம் முழுதும் ஒரே நாளில் வரட்டும், நேரில் பேச வேண்டியதை அன்றைக்கு வையுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போகிறவர்களை மட்டும் பொழுது சாய்வதற்கு முன் அனுப்பிவிடுங்கள். அந்தச் சாலையில் யானை இறங்கும்.

வீட்ல இருக்கறவங்க வேலை செய்யறாங்களான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

ஆபீஸில் இருக்கிறவர்கள் வேலை செய்கிறார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நாற்காலியில் ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளை நாங்களும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். கிடைத்த பலன்: ஆள் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் திறமையை எல்லோரும் வளர்த்துக்கொண்டார்கள். சாப்பிடும்போதும் இடது கை மவுஸில் இருந்ததாக ஒரு பெண் பிறகு சொன்னாள். எடுத்துவிட்டோம். இப்போது திங்கள் காலை ஆளுக்கு மூன்று வரி: இந்த வாரம் எதை முடிப்பேன். வெள்ளிக்கிழமை அதே மூன்று வரிக்குப் பக்கத்தில் முடிந்தது, முடியவில்லை. வேலை செய்யாதவர் மூன்றாவது வெள்ளிக்கிழமை தானே தெரிந்துவிடுகிறார்.

கேமராவை ஆன் பண்ணியே ஆகணுமா?

வேண்டாம். முதல் அறிமுகக் கூட்டத்துக்கும், முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயத்துக்கும் போதும். ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ ஒரு ஜிபியை விழுங்கும். போன் நெட்டில் ஓட்டுகிறவருக்கு அதோடு அன்றைய கணக்கே முடிந்துவிடும். பின்னால் பாட்டி படுத்திருப்பதும், கொடியில் துணி காய்வதும் கிளையன்ட் பார்க்க வேண்டிய காட்சியுமில்லை.

ராத்திரி பத்து மணிக்கு லீடு மெசேஜ் போட்டா பதில் போடணுமா அக்கா?

இதில் முதல் குற்றவாளி நான்தான். ஒரு நாள் ராத்திரி பத்து நாற்பதுக்கு, மறந்துவிடக் கூடாதே என்று ஒரு பெண்ணுக்கு "நாளைக்கு அந்த ஃபைல் வேணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று போட்டேன். அரை மணியில் ஃபைலே வந்துவிட்டது. சுறுசுறுப்பான பெண் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள்தான் தெரிந்தது: அவள் ஊர் தர்மராஜா கோயிலில் பாரதக் கூத்து, அன்றைக்கு அர்ச்சுனன் தபசு. மரம் ஏறுவதைப் பார்க்க வீடே பாயோடு போய் உட்கார்ந்திருக்கிறது. என் மெசேஜைப் பார்த்துவிட்டு, தம்பியை எழுப்பி வண்டியில் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். திரும்பிப் போவதற்குள் தபசு முடிந்துவிட்டது. "பரவால்ல அக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றாள். நான் "நாளைக்கு" என்று எழுதியதை அவள் படிக்காமலில்லை. ராத்திரியில் வருவது அவசரமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ராத்திரி தோன்றுவதை எழுதி, காலை ஒன்பதரைக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கிறேன். இந்த வசதி இப்போது பெரும்பாலான மின்னஞ்சல்களில் இருக்கிறது. நிஜமான அவசரம் என்றால் போன். மெசேஜ் என்றால் அவசரமில்லை. இதை எங்கள் டீமில் எல்லோருக்கும் எழுதியே கொடுத்திருக்கிறோம். போன் பண்ணக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்லது, பாதி அவசரங்கள் அதிலேயே அடங்கிவிடுகின்றன.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: பிரான்சில் 2017-லிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை சட்டமாக இருக்கிறது. நம் மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. ஆக, நம் ஊரில் இது லீடின் கையில்தான் இருக்கிறது.

எங்க கிளையன்ட் அமெரிக்கா. அவங்களுக்கு விடிஞ்சாதானே மீட்டிங்? மேல சொன்னதெல்லாம் எங்களுக்கு எப்படி ஒத்துவரும்?

நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நகர்கிறது. அந்த இரண்டு தேதியையும் முன்பே நாட்காட்டியில் குறித்து வீட்டில் சொல்லிவிடுங்கள். நவம்பரில் திடீரென்று சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் முளைத்தால் சண்டை வரத்தான் செய்யும்.

ராத்திரிக் கூட்டம் இருக்கும் நாளில் காலை நேரம் பின்னால் போக வேண்டும். எட்டரை வரை மீட்டிங்கில் இருந்தவர் மறுநாள் ஒன்பதரைக் கூட்டத்துக்கும் வரணும் என்றால், எட்டு மணி நேரக் கணக்கு (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்) காற்றில் போய்விடும். ஒரே ஆளைத் தினமும் உட்கார வைக்காமல் முறை வையுங்கள். எல்லோரும் இருந்தே ஆக வேண்டிய கூட்டம் வாரத்தில் ஒன்றுதான் என்று கிளையன்டிடம் கேட்டுப் பார்த்தோம். பயந்துகொண்டே கேட்டோம், உடனே சரி என்றுவிட்டார்கள்.

ஆபீஸ் பெங்களூர்ல, நான் காவேரிப்பட்டணத்துல. பொங்கலுக்கு எனக்கு எத்தனை நாள் லீவு?

அங்கே சங்கராந்தி ஒரு நாள்; இங்கே மாட்டுப் பொங்கலும் எருது விடும் விழாவும் இல்லாமல் ஊர் அடங்காது. அதே சமயம் நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்கு அங்கே ஆபீஸ் மூடியிருக்கும், நீங்கள் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

தேசிய விடுமுறைகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, பண்டிகை நாட்களில் மூன்று நான்கை அவரவர் தேர்ந்தெடுக்க விடுவதுதான் நான் பார்த்தவற்றில் சண்டையில்லாத வழி. ஓசூரில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளுக்கு உகாதிதான் பெரிது. எங்கள் டீமில் பொங்கலுக்கு அவர்களும், உகாதிக்கு மற்றவர்களும் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாங்கா சீசன்ல தோட்டத்தைப் பாக்கணும். ஒரு மாசம் நேரத்தை மாத்திக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆள் வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். மே, ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் இறங்கும்போது, விடியற்காலையில் பறிப்பு ஆட்களோடு நின்று, மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு லோடு ஏற்றிவிட வீட்டில் ஒருவர் வேண்டும். காலை ஆறிலிருந்து பத்து தோட்டம், பதினொன்றிலிருந்து வேலை என்று கேட்டால் கொடுங்கள். நாங்கள் கொடுக்கிறோம். தெரியாமல் செய்து, தோட்டத்தில் நின்றபடி மைக்கை அணைத்து மீட்டிங்கில் இருப்பதுதான் பிரச்சினை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவ லீவு முடியுது. குழந்தைக்கு ஆறு மாசம். வீட்ல இருந்து வேலை கேட்டா குடுத்தே ஆகணுமா?

2017-லிருந்து சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அது முடிந்தபின், வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்தால், இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து செய்யலாம் என்கிறது சட்டம். "ஒத்துக்கொண்டு" என்பதால் கட்டாயமில்லை. ஆனால் மூன்று வருஷமாக வீட்டிலிருந்து பார்த்த வேலையைக் குழந்தை பிறந்ததும் "இது ஆபீஸில்தான் செய்ய முடியும்" என்று ஒரு லீடு சொன்னால் நான் அவரை உட்கார வைத்துப் பேசுவேன்.

கேட்கிற அம்மாக்களுக்கும் ஒன்று. வீட்டிலிருந்து வேலை என்பது குழந்தை பார்க்க ஆள் வேண்டாம் என்பதில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்ய யாராலும் முடியாது. அம்மாவோ மாமியாரோ எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பார்த்துக்கொள்வார்கள் என்று முதலில் பேசிவிட்டு, அந்த மணிகளை வேலை நேரமாகக் கேளுங்கள்.

வீட்ல இருக்கறவங்களுக்குப் பிரமோஷன் வராதாமே, உண்மையா?

மேலே சொன்ன டிரிப்.காம் சோதனையில் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தும் பதவி உயர்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் வாரத்தில் மூன்று நாளாவது ஆபீஸுக்கு வந்தவர்கள். முழுக்க ஊரிலேயே இருப்பவருக்கு அதை அப்படியே ஒப்பிக்க மாட்டேன். டீக்கடையில் கூட நின்றவன் பெயர்தான் முதலில் வாயில் வரும், மனுஷ சுபாவம். எங்கள் கம்பெனியில் சம்பள உயர்வுக் கூட்டத்துக்கு முன் வருஷம் முழுக்க வந்த வெள்ளிக்கிழமை மூன்று வரிகளை அச்சடித்து மேஜையில் வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஊத்தங்கரைக்காரர் ஒருவர் லீடானது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான்.

நல்லா பேசிட்டிருந்த பையன் இப்ப "ஓகே", "டன்"னு மட்டும் போடறான். நான் தலையிடலாமா?

தலையிடுங்கள், ஆனால் குரூப்பில் இல்லை. வேலைப் பேச்சு இல்லாமல் ஒரு போன் போடுங்கள். ஊரில் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு வேலையைப் பற்றிப் புலம்பக்கூட ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தத் தொழில் புரியாது, வீட்டில் சொன்னால் "அப்ப வேலையை விட்டுடு" என்பார்கள். சில சமயம் வெறும் முதுகு வலியாகக்கூட இருக்கும். நாலு வருஷமாகக் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்த ஒருவருக்கு மேஜை, நாற்காலி அனுப்பியதும் பழைய ஆள் திரும்பி வந்தார்.

தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் 14416-ஐக் கொடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். லீடு மருத்துவராக மாற வேண்டாம்.

நான் முதலாளி. நானே பதினாலு மணி நேரம் உழைக்கறேன். இவங்களுக்கு மட்டும் எதுக்குங்க இதெல்லாம்?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று இருக்கிறது. பதினாலை ஆறு நாளால் பெருக்கிப் பாருங்கள் சார். எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை; அடுத்த வாரத்திலிருந்து அவரும் குரூப்பில் "கிளம்பறேன்" போடுகிறார். போட்டபின் எங்கே போகிறார் என்று நான் கேட்பதில்லை.

எல்லாரும் வீட்டு வேலை கேக்கறாங்க, இந்தப் பொண்ணு மட்டும் ஆபீஸுக்கே வரேங்குது. ஏன்?

அந்தப் பெண் வீடு காரிமங்கலம் பக்கம். ஒரே ஹால், நடுவில் டிவி, அண்ணன் குடும்பமும் அங்கேதான். வேலை செய்ய அவளுக்குக் கிடைத்த இடம், பகலில் யாரும் போகாத நெல் மூட்டை அடுக்கிய அறை. அவளைப் பொறுத்தவரை ஆபீஸ்தான் நிம்மதி. வீட்டில் இருக்கும் நாளில் அண்ணியோடு சமையலும் சேர்ந்துவிடும்.

ஓசூரில் தங்க வீட்டில் விடவில்லை. தினமும் வந்துபோகவும் தூரம். கடைசியில் காரிமங்கலத்திலேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தோம். அந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு மேஜை, ஒரு ஃபைபர், ஒரு இன்வெர்ட்டர். சாவி அவளிடம்தான் இருக்கிறது. காலை ஒன்பது இருபதுக்கு வந்து திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறாளாம்.